செத்துப்போன மனைவி திரும்பி வந்த நாடகம்

2014 மே மாதம் மகள் வீட்டுக்கு லண்டன் போயிருந்தேன். "ஏஞ்சலா லான்ஸ்பரி நடிக்கிற நாடகத்துக்கு டிக்கெட் கிடைச்சிருக்குப்பா, நல்லா சிரிக்கலாமாம்" என்று கீல்குட் தியேட்டருக்கு அழைத்துப் போனாள். நோயல் கோவர்ட் எழுதிய 'ப்ளைத் ஸ்பிரிட்'. கதை என்ன என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சார்ல்ஸ் என்று ஒரு எழுத்தாளர். நாவலுக்கு விஷயம் சேகரிக்க, ஆவியோடு பேசும் மேடம் ஆர்கட்டியை வீட்டுக்கு விருந்துக்கு அழைக்கிறார். அந்த அம்மாள் கூப்பிட்ட கூப்பிட்டில், ஏழு வருஷத்துக்கு முன் இறந்துபோன முதல் மனைவி எல்விரா நிஜமாகவே வந்து நிற்கிறாள். கணவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறாள். இரண்டாவது மனைவி ரூத்துக்குத் தெரிவதில்லை. அவர் எல்விராவைத் திட்டினால் ரூத் தன்னைத்தான் திட்டுகிறார் என்று நினைக்கிறாள். அரங்கமே அதிர்கிறது.

என் மனைவி தவறி அப்போது நாலு வருஷம்கூட ஆகவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தேன். வெளிறியிருந்தது. இடைவேளையில், "சாரிப்பா, வீட்டுக்குப் போயிடலாமா?" என்றாள். "உட்காரும்மா, கடைசியில் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டாமா" என்றேன்.

இந்த நாடகம் பிறந்த கதையை ஊர் திரும்பிய பிறகு தேடித் தேடிப் படித்தேன். 1941 மே மாதம் எழுதப்பட்டது. முந்தைய செப்டம்பரிலிருந்து ஜெர்மன் விமானங்கள் லண்டன்மீது குண்டு போட்டுக்கொண்டிருந்தன. பிரிட்டன் முழுவதும் 40,000 பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். கோவர்டின் லண்டன் வீடும் சேதமாகியிருந்தது. அவர் வேல்ஸ் கடற்கரையில் உள்ள போர்ட்மெய்ரியனுக்குப் போய், ஒரு வாரத்துக்குள் மூன்று அங்கத்தையும் எழுதி முடித்துவிட்டார். அவர் எழுதி முடித்த கையோடு, மே 10 இரவு, லண்டன்மீது மிகக் கடுமையான குண்டுவீச்சு. பாராளுமன்ற மன்றமே எரிந்தது.

ஜூன் 16-இல் மான்செஸ்டரில் அரங்கேற்றம். ஜூலை 2-இல் லண்டன் பிக்காடிலி தியேட்டர். குண்டு விழுந்த இடிபாடுகள்மேல் பலகை போட்டிருந்தார்களாம். ஜனங்கள் அந்தப் பலகைமேல் நடந்துபோய், சாவைப் பற்றிய நகைச்சுவை நாடகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்! அந்த அரங்கில் எத்தனை பேர் வீட்டில் அந்த வருஷம் துக்கம் நடந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். ரசனைக் குறைவு என்று கிரகாம் கிரீன் கண்டித்தார். ஜனங்கள் கேட்கவில்லை. தியேட்டர் மாறி மாறி 1946 வரை ஓடி, 1,997 காட்சிகள் நடந்தன. பாட்டில்லாத நாடகங்களில் அதுதான் லண்டனில் சாதனை. 1957-இல் அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்டிராப்' வந்து அதை முறியடித்தது. நியூயார்க்கில் 1941 நவம்பரில் தொடங்கி 657 காட்சிகள்.

முதல் மேடம் ஆர்கட்டி மார்கரெட் ரூதர்ஃபோர்ட். ஆவி உலகத்தில் நம்பிக்கை உள்ளவர்களைக் கேலி செய்யக்கூடாது என்று முதலில் தயங்கினாராம். முதல் உலகப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் ஆவியோடு பேசுகிறவர்களைத் தேடி அலைந்த தேசம் அல்லவா அது? ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயிலே அதில் முழுகியிருந்தவர்தான். அதனால் அந்த அம்மாள் ஒரு இடத்தில்கூடக் கோணங்கித்தனம் செய்யாமல், சைக்கிளில் வரும் ஒரு கிராமத்து டீச்சர் மாதிரி காரியத்தில் கண்ணாக நடித்தார். சிரிப்பு அதனாலேயே வந்தது. 1945-இல் டேவிட் லீன் எடுத்த படத்திலும் அவரேதான். இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. பாருங்கள். முடிவை மட்டும் படத்தில் மாற்றிவிட்டார்கள், எனக்குப் பிடிக்கவில்லை.

நான் பார்த்த லான்ஸ்பரிக்கு அப்போது 88 வயது. ஆவியை அழைக்கும் முன் கையை ஒரு தினுசாக வளைத்து ஒரு ஆட்டம் ஆடினார். என் முழங்கால் வலி எனக்கே வெட்கமாக இருந்தது.

கணவனைத் தன்னோடு அழைத்துக்கொள்ள எல்விரா காரைக் கெடுத்து வைக்கிறாள். அதில் ரூத் ஏறிப்போய் இறந்துவிடுகிறாள். இப்போது இரண்டு ஆவிகள், இரண்டும் சேர்ந்து அவரைப் பிடுங்கி எடுக்கின்றன! செத்தவர்களைத் தெய்வமாக்காமல், அதே கோபம், அதே பொறாமை, அதே நச்சரிப்போடு திரும்ப வரவைத்துவிட்டார் கோவர்ட். இடிபாட்டைத் தாண்டி வந்தவர்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான். அந்த நாலு வருஷமாக வீட்டில் எல்லோரும் அவளை மாலை போட்ட படமாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

திரும்பும்போது ரயிலில் மகள் ஒன்றும் பேசாமல் வந்தாள். நான்தான் ஆரம்பித்தேன். "உங்கம்மா வந்தா காரை எல்லாம் தொட மாட்டா. நேரா பீரோவைத் திறந்து, பட்டுப்புடவையை எல்லாம் யார் யாருக்குக் கொடுத்தீங்கன்னுதான் கேப்பா."

"அந்த மாம்பழக் கலர் புடவை என்கிட்ட இருக்குன்னு சொல்லிடாதீங்கப்பா" என்றாள். சிரித்த சிரிப்பில், இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டோம்.