மனப்பாடமும் ரசனையும்: ஆங்கிலத் தேர்வுக் கட்டுரையும் குற்றாலத்து ரசிகமணியும்

ஆங்கிலத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் எந்த ஊர் ஜெராக்ஸ் கடைக்குப் போனாலும் ஒரே காட்சிதான். நோட்ஸ் கட்டுக்கட்டாகப் போய்க்கொண்டிருக்கும். கேள்வித்தாளின் கடைசிப் பகுதி கட்டுரை. ஒரு கவிதையையோ கதையையோ சொல்லி, அதை ஆராய்ந்து எழுதச் சொல்வார்கள். இலக்கியம் படிக்கிறவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தலைவலி என்று நினைக்க வேண்டாம். பி.காம். மாணவனுக்கும் பகுதி இரண்டில் ஆங்கிலம் உண்டு. பேலன்ஸ் ஷீட் கூட எப்படியோ டேலி ஆகிவிடும், இந்தக் கட்டுரை மட்டும் ஆகாது.

அதனால் எல்லோரும் ஒரே வழியில் போகிறோம். கைடில் இருக்கும் மூன்று பக்கத்தை நெட்டுருப் போட்டு அப்படியே இறக்கிவைக்கிறோம். "கவிஞர் இயற்கையை மிக அழகாக வர்ணிக்கிறார்" என்று ஒரு வரி. எந்தக் கவிஞராக இருந்தாலும் பொருந்தும்!

ஒரு கவிதையைப் படிக்காமலே அதைப் பற்றி மூன்று பக்கம் எழுத முடிகிறதே, இந்த வினோதம் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பழைய கதையைத் தோண்டினால் விடை கிடைக்கிறது. இன்னொரு ஆச்சரியமும் கிடைக்கிறது. இந்த நோய்க்கு மருந்து சொன்னவர்களில் ஒருவர் நம்ம தென்காசிக்காரர்.

வேலைக்கு ஒரு நுழைவுச்சீட்டு

1835-ல் மெக்காலே தன் புகழ்பெற்ற குறிப்பை எழுதினார். அரசுப் பணம் ஆங்கிலக் கல்விக்கே போக வேண்டும் என்பது அதன் சாரம். 1844-ல் ஹார்டிஞ்ச் பிரபு, ஆங்கிலம் படித்தவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்று அறிவித்தார். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஷேக்ஸ்பியரும் மில்டனும் ரசிப்பதற்கான புத்தகங்களாக இருந்தது போய், உத்தியோகத்துக்கான நுழைவுச்சீட்டாக மாறிவிட்டார்கள்.

சிவில் சர்வீஸுக்குப் போட்டித் தேர்வு வந்தது 1855-ல். அதற்கான திட்டத்தை வகுத்த குழுவுக்குத் தலைவரும் மெக்காலேதான். மொத்தம் 6875 மதிப்பெண். அதில் ஆங்கிலக் கட்டுரைக்கும் ஆங்கில இலக்கியம், வரலாறு, சட்ட அமைப்புக்குமாக 1500. சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. ஆளப்போகும் நாட்டின் மொழிகளைவிட ஆங்கிலத்துக்கு நான்கு மடங்கு எடை! தமிழுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் முதல் பட்டதாரிகளில் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை. ஆங்கிலத் தேர்வில் தேறிவந்த அவர், பிறகு தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். எல்லோரும் அப்படி இருக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் தனிப் பட்டப்படிப்பானது 1890-களில்தான். கேம்பிரிட்ஜில் 1917-ல். அங்கே நீண்டகாலம் கிரேக்கமும் லத்தீனும்தான் இலக்கியக் கல்வி. அதாவது ஆங்கில இலக்கியத்தில் தேர்வு எழுதும் பழக்கம் அந்த இரண்டு பல்கலைக்கழகங்களைவிட நமக்கு மூத்தது. கௌரி விஸ்வநாதன் 1989-ல் எழுதிய ஒரு புத்தகம் இந்த விஷயத்தை விரிவாகப் பேசுகிறது. ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக உருவானதில் காலனி இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது அவர் வாதம்.

இப்போது அந்தக் காலத்து மாணவனின் நிலையை யோசியுங்கள். பார்த்தே இராத பூக்கள், பார்த்தே இராத பனி, கேட்டே இராத பறவை. கவிதை அவன் அனுபவத்தைத் தொடவில்லை. ஆனால் தேர்வில் தேறினால் வேலை, தவறினால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அவன் மனப்பாடம் செய்ததில் என்ன ஆச்சரியம்? அது சோம்பேறித்தனம் கிடையாது, பிழைக்கும் வழி. நோட்ஸ் என்ற சரக்குக்கு டிமாண்ட் அங்கேதான் பிறந்தது. (பொருளாதாரப் பாடம் படித்தவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.)

நெல்லையில் படித்த பாரதிக்கு இந்தக் கல்வி எவ்வளவு கசந்தது என்பதை அவர் 1910-ல் வெளியிட்ட சுயசரிதைக் கவிதையில் காணலாம். அப்பாவுக்குச் செலவு, தனக்குக் கேடு என்று கணக்குப் போடுகிறார். கம்பன் என்றொருவன் இருந்ததே தெரியாமல் படித்துவரும் பிள்ளைகளைப் பற்றியும் அதில் வருந்துகிறார்.

வட்டத்தொட்டி

பாரதி பிறந்த அதே 1882-ல் பிறந்தவர் டி.கே. சிதம்பரநாத முதலியார். தென்காசி அவர் சொந்த ஊர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, சட்டமும் முடித்தவர். சென்னை சட்டசபை உறுப்பினராகவும் இந்து அறநிலைய வாரிய ஆணையராகவும் இருந்தார். ஆனால் இன்று அவரை யாரும் அந்தப் பதவிகளுக்காக நினைப்பதில்லை. "ரசிகமணி டி.கே.சி." என்றால்தான் தெரியும்.

1924 வாக்கில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டில் நண்பர்கள் வாரந்தோறும் கூட ஆரம்பித்தார்கள். வட்டமான தொட்டிக்கட்டில் உட்கார்ந்து பேசியதால் அதற்கு வட்டத்தொட்டி என்று பெயர் வந்தது. பாடத்திட்டம் கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஒரு பாட்டை எடுப்பார்கள். டி.கே.சி. அதைப் பாடுவது போலச் சொல்வார். திரும்பச் சொல்வார். எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்தச் சொல்லில் குரல் ஏற வேண்டும் என்று காட்டுவார். மூன்றாம் தடவை சொல்லும்போது கேட்பவருக்கே அர்த்தம் திறந்துவிடும் என்பார்கள். பின்னாளில் நீதிபதியான எஸ். மகராஜன், ஆங்கிலப் பேராசிரியர் அ. சீனிவாசராகவன், தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் எல்லோரும் இந்த வட்டத்தில் வந்தவர்கள். மகராஜன் ஷேக்ஸ்பியரைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆக, ஆங்கிலத்தை வெறுத்த கூட்டம் அது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பிற்காலத்தில் டி.கே.சி. குற்றாலத்தில் குடியேறினார். ராஜாஜியும் கல்கியும் தேடிவந்த வீடு அது. சாரல் காலத்தில் அருவிக்குளியலும் கம்பனும் விருந்தும் ஒன்றாக நடந்தன. 1954-ல் அவர் காலமானார்.

அவர் சொன்னதன் மையம் எளிமையானது. யாப்பு சரியாக இருப்பதெல்லாம் செய்யுள், கவிதை என்பது வேறு. கவிதையில் உணர்ச்சியும் வடிவமும் தாளமும் ஒன்றாக வரும். அதைத் தொட உரை தேவையில்லை, காது தேவை. அகராதியையும் இலக்கணக் குறிப்பையும் அடுக்கிவிட்டு கவிதையைத் தவறவிடும் பண்டிதரையும், இங்கிலீஷ் படித்துவிட்டு இரண்டு மொழியிலும் ருசி இழந்தவரையும் அவர் ஒருசேரக் கிண்டல் செய்தார்.

கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் ஒரு சோதனை நடத்திக்கொண்டிருந்தார். பதின்மூன்று கவிதைகள். எழுதியவர் பெயரை நீக்கிவிட்டு மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதச் சொன்னார். 1929-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். பெயர் தெரியாமல் போனதும் நல்ல மாணவர்கள்கூடத் தடுமாறினார்கள். நேர்ப் பொருளே பலருக்குப் பிடிபடவில்லை, பலர் ஏற்கெனவே தயாராக வைத்திருந்த உணர்ச்சியைத்தான் எழுதியிருந்தார்கள். தாய்மொழிக்காரர்களுக்கே அந்தக் கதி! குற்றாலத்துக்காரருக்கும் கேம்பிரிட்ஜ்காரருக்கும் தொடர்பு இருந்ததாக நான் சொல்லவரவில்லை. கவிதைக்கும் படிப்பவனுக்கும் நடுவே இருக்கும் திரையை விலக்கு என்பதில் இருவரும் ஒன்றாக நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

குறத்தியின் மலை

சரி, இப்படிப் படித்தால் கட்டுரை எழுத என்ன கிடைக்கும்? குற்றாலத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பதினெட்டாம் நூற்றாண்டில், தென்காசியை ஒட்டிய மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதியது திருக்குற்றாலக் குறவஞ்சி. அதில் குறி சொல்ல வந்த குறத்தி, தன் மலையைப் பற்றி வசந்தவல்லியிடம் பெருமை பேசும் பாட்டு பள்ளிப் பாடத்திலேயே பலருக்குத் தெரியும்.

நோட்ஸ் பாணியில் எழுதினால்: "கவிஞர் குற்றால மலையின் இயற்கை அழகை வர்ணிக்கிறார்." முடிந்தது. இரண்டு மதிப்பெண்.

இப்போது நாலைந்து தடவை சத்தமாகப் படித்துவிட்டு யோசியுங்கள். முதலில் ஆண் குரங்கு பழம் கொடுத்துப் பெண் குரங்கைக் கொஞ்சுகிறது. அவை சிந்தும் பழத்துக்கு வானுலகத்தார் கெஞ்சுகிறார்கள். கொஞ்சும், கெஞ்சும் என்ற இரண்டு சொல்லுக்கும் ஒரே ஒரு உயிரெழுத்துதான் வித்தியாசம். அந்தச் சின்ன வித்தியாசத்தில் குரங்கு மேலேயும் தேவர் கீழேயும் போய்விட்டார்கள்! அடுத்து வேடர்கள் பார்வையாலேயே வானவரை அழைக்கிறார்கள், சித்தர்கள் இறங்கிவருகிறார்கள். இதுவரை வானம் கீழே வருகிறது. அதன் பிறகு திசை மாறுகிறது. தேனருவியின் அலை மேலே எழும்பி வானத்தில் வழிகிறது. அந்த ஈரத்தில் சூரியனுடைய குதிரையின் காலும் தேரின் சக்கரமும் வழுக்குகின்றன. கடைசியில் வானத்தில் இருக்க வேண்டிய பிறை, இந்த மலையின் இறைவன் சடையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட மலை "எங்கள்" மலை என்று முடிக்கிறாள்.

அந்த "எங்கள்" என்ற சொல்லை யார் சொல்கிறார்கள்? ஊர் ஊராகச் சுற்றிக் குறி சொல்லிப் பிழைக்கும் ஏழை. யாரிடம் சொல்கிறாள்? செல்வ வீட்டுப் பெண்ணிடம். தேவர்களே கையேந்தும் இடம் என் ஊர் என்கிறாள். இது இயற்கை வர்ணனை மட்டும்தானா? இல்லாதவள் தன் தலையை நிமிர்த்தும் பாட்டு என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் மறுக்கலாம். ஆனால் மறுப்பதற்கும் அந்தப் பாட்டுக்குள்தான் போயாக வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரை என்பது இதுதான்.

வவுச்சர் எங்கே?

டி.கே.சி.யைப் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் பாதிக் கதைதான். அவருடைய வழியில் ஒரு பள்ளமும் உண்டு. கம்பராமாயணத்தின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் பெரும்பகுதியைக் கம்பன் எழுதியதில்லை என்று அவர் ஒதுக்கினார். ஏற்றுக்கொண்ட சில பாடல்களில் சொற்களையும் மாற்றினார். சுவடி ஆதாரமா? பெரும்பாலும் இல்லை. கம்பன் இப்படி எழுதியிருக்க மாட்டான் என்று அவர் ரசனை சொன்னது, அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. தமிழறிஞர்கள் பலர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள்.

அதே நெல்லைச் சீமையில் பிறந்து, அவரைப் போலவே சட்டம் படித்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியராக 1926 முதல் 1936 வரை இருந்தவர். சுவடிகளை ஒப்பிடு, ஒரு சொல் எந்த நூலில் முதலில் வருகிறது என்று பார், பிறகு பேசு என்பது அவர் வழி. அவருடைய கால முடிவுகள் பலவற்றை இன்று பலர் ஏற்பதில்லை. ஆனால் எதை வைத்துச் சொன்னார் என்பது தெரிவதால், எங்கே தவறு என்று காட்டி மறுக்க முடிகிறது.

காமர்ஸ் பாஷையில் சொன்னால், வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடக் கூடாது. ரசனை என்பது என்ட்ரி. பாட்டில் இருக்கும் சொல்தான் வவுச்சர். டி.கே.சி. சில இடங்களில் என்ட்ரி பொருந்தவில்லை என்று வவுச்சரையே கிழித்துவிட்டார். நோட்ஸ் எழுதும் நாமோ அடுத்தவர் கணக்குப் புத்தகத்தைக் காப்பி அடித்து நம் பெயரைப் போட்டுக்கொள்கிறோம்.

தேர்வு அறைக்கு

வரலாறெல்லாம் சரி, மூன்று மணி நேரத் தேர்வில் இது உதவுமா என்று கேட்பீர்கள். உதவும்.

ஒன்று, கைடைத் திறப்பதற்கு முன் பாடத்தைச் சத்தமாகக் குறைந்தது மூன்று தடவை படிக்க வேண்டும். ஆங்கிலக் கவிதைக்கும் காது உண்டு.

இரண்டு, எங்கே திசை மாறுகிறது என்று ஒரு கோடு போட வேண்டும். பேசுபவரின் குரலோ, காலமோ, இடமோ மாறும் இடம் அது. பெரும்பாலும் கவிதையின் உயிர் அந்தத் திருப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

மூன்று, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டும். குறத்தி என்று தெரிந்ததும் அந்தப் பாட்டே மாறியது நினைவிருக்கட்டும்.

நான்கு, நம் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டு, ஒவ்வொரு பத்திக்கும் பாடத்திலிருந்து ஒரு சொல்லையாவது ஆதாரமாகக் காட்ட வேண்டும். காட்ட முடியாத பத்தியைத் தயங்காமல் அடிக்கலாம்.

ஐந்து, கைடைக் கடைசியில் படிக்கலாம். நாம் சொன்னதற்கு எதிராக ஏதாவது இருந்தால் அதற்குப் பதில் சொல்ல அது உதவும்.

ஒரே மூன்று பக்கத்தை நூறு தாளில் படித்துச் சலித்துப்போன ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். நடுவே ஒரு தாளில், ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டி, இதனால் இப்படி என்று ஒரு மாணவன் எழுதியிருந்தால் அவர் பேனா ஒரு நிமிடம் நிற்காதா? ஆங்கிலம் கொஞ்சம் தட்டினாலும் அந்தப் பத்தி பிழைத்துவிடும்.

மெக்காலே காலத்து நுழைவுச்சீட்டு இன்றும் நம் கையில்தான் இருக்கிறது, வேலைக்கு அது தேவைப்படவும் செய்கிறது. அதற்காகக் கவிதையைப் படிக்காமலே எழுத வேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லவில்லை. அடுத்த செமஸ்டரில் ஒரே ஒரு கவிதையிலாவது இப்படி முயன்று பாருங்கள். ஆங்கிலம் ரொம்பவும் பயமாக இருந்தால், முதலில் குறவஞ்சியில் பழகிக்கொள்ளலாம்.