சென்னைப் பல்கலைக்கழகமும் உலகப் பரிசு பெற்றோரும்

இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற இருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரிகள்: சி. வி. ராமன் (1930), சுப்பிரமணியன் சந்திரசேகர் (1983). சந்திரசேகர், ராமனின் அண்ணன் மகன். கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஏபெல் பரிசை 2007இல் பெற்ற எஸ். ஆர். சீனிவாச வரதனும் இங்கே பட்டம் பெற்றவர்தான். மூவரும் படித்தது ஒரே கல்லூரி, கடற்கரைச் சாலையிலுள்ள மாநிலக் கல்லூரி.

பல்கலைக்கழகம் தோன்றியது 1857 செப்டம்பர் 5 அன்று. அதற்கான கோரிக்கை பதினெட்டு ஆண்டுகள் முந்தையது. உயர்கல்விக்கு வழிசெய்யுமாறு கேட்டு எழுபதாயிரம் பேர் கையெழுத்திட்ட மனு, 1839 நவம்பரில் ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் தரப்பட்டது. அடுத்த ஆண்டு தொடங்கிய பள்ளியே வளர்ந்து மாநிலக் கல்லூரியானது. அக்கல்லூரிக்கு அடித்தளமிட்ட ஐர் பர்ட்டன் பவல் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தின் அமைப்பைப் பின்பற்றியது: கற்பிப்பது கல்லூரிகளின் வேலை, தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவது பல்கலைக்கழகத்தின் வேலை. ஆகவே ஒரு பரிசாளரை இப்பல்கலைக்கழகத்தவர் என்று சொல்லும்போது அதன் இணைப்புக் கல்லூரி ஒன்றின் வகுப்பறையையும் சேர்த்தே சொல்கிறோம்.

ராமன் 1904இல், பதினைந்து வயதில், இயற்பியலில் தங்கப் பதக்கத்துடன் பி.ஏ. தேறினார், 1907இல் எம்.ஏ. முடித்தார். வகுப்புக்கு வந்தே ஆகவேண்டும் என்று பேராசிரியர் ஜோன்ஸ் அவரை வற்புறுத்தவில்லை. ஆய்வுக்கூடத்தில் நிறமாலைமானியைக் கொண்டு முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தபோது, அதன் முகப்பில் சாய்வாகப் பட்டுத் திரும்பிய ஒளியில் பட்டைகள் இருபுறமும் ஒரே அளவில் இல்லை என்பதைக் கவனித்தார். செவ்வகத் துளையில் ஒளி விளிம்பு வளையும்போது தோன்றும் சமச்சீரற்ற பட்டைகள் பற்றி அவர் எழுதிய கட்டுரை, 1906 நவம்பரில் லண்டனின் ‘பிலசாபிகல் மேகசின்’ இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

படிப்பு முடிந்ததும் அவர் போய்ச் சேர்ந்த இடம் கல்கத்தாவின் நிதித்துறை அலுவலகம். சென்னையில் ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொள்ள அன்று வழியில்லை. 1928 பிப்ரவரியில் ராமன் விளைவு வெளிப்பட்டது கல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில். அதில் உடனுழைத்த கே. எஸ். கிருஷ்ணன் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தவர். அவ்விரண்டும் அன்று இதே பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளாக இருந்தன.

அதே 1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் மாநிலக் கல்லூரிக்கு வந்தார். அவருடைய அணு அமைப்பு நூலைக் கரைத்துக் குடித்திருந்த மாணவர் சந்திரசேகர், அவர் தங்கியிருந்த விடுதிக்கே தேடிப் போனார். அந்நூலில் உள்ள குவாண்டம் கொள்கை பழசாகிவிட்டது என்று சொன்ன சோமர்ஃபெல்ட், உலோகங்களில் எலெக்ட்ரான்கள் பற்றித் தாம் எழுதி இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப்படியைக் கையில் கொடுத்தார். அதைப் படித்துப் புதிய புள்ளியியல் முறையைக் கற்றுக்கொண்ட மாணவர் எழுதிய ஆய்வு, 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் அச்சேறியது. 1930இல் அரசு உதவித்தொகையில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். வெள்ளைக் குறுமீன் என்னும் ஒடுங்கிய விண்மீனின் நிறைக்கு உச்சவரம்பு உண்டு என்ற கணக்கின் முதல் வடிவம் அந்தப் பயணத்திலேயே பிறந்தது. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்று பின்னர் நிலைபெற்ற அவ்வரம்புக்கு அவர் பெயரே வழங்குகிறது.

வரதன் 1959இல் இளங்கலையும் அடுத்த ஆண்டு முதுகலையும் முடித்து, கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சி. ஆர். ராவிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். அரிதாக நேரும் பெருவிலகல்களின் நிகழ்தகவைக் கணிக்கும் அவருடைய கோட்பாட்டுக்காகவே ஏபெல் பரிசு கிடைத்தது.

மற்றத் துறைகளில், கிறித்தவக் கல்லூரியில் படித்த எஸ். ராதாகிருஷ்ணன் 1975இல் டெம்பிள்டன் பரிசு பெற்றார். கோவை வேளாண்மைக் கல்லூரி மாணவர் எம். எஸ். சுவாமிநாதன் 1987இல் உலக உணவுப் பரிசின் முதல் பரிசாளரானார். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1958இல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டிக்கு 1994இல் டூரிங் விருது பகிர்ந்தளிக்கப்பட்டது. சிதம்பரத்தில் பிறந்த நோபல் பரிசாளர் வெங்கி ராமகிருஷ்ணன் பட்டம் பெற்றது பரோடாவில். எனவே அவர் இந்தப் பட்டியலில் சேரமாட்டார்.

இக்கல்லூரிகளில் சில பின்னாளில் தனி வழி சென்றன. கோவைக் கல்லூரி 1971இல் வேளாண்மைப் பல்கலைக்கழகமானது. கிண்டிக் கல்லூரி 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. மாநிலக் கல்லூரி இன்றும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில், தன்னாட்சிக் கல்லூரியாக இயங்குகிறது.