வராத படைக்குப் போட்ட ஓடுபாதை

தமிழ் எழுத்தில் இரண்டாம் உலக யுத்தம் பெரும்பாலும் கடல் கடந்த சமாசாரம். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) மெடானிலும் பினாங்கிலும் நடக்கிறது. பர்மாவிலிருந்து கால்நடையாக வந்தவர்கள் கதைகளில் தலைகாட்டுகிறார்கள். உள்ளூரில் மிஞ்சியது ரேஷன் அரிசியும் இருட்டடிப்பும். இந்த மண்மீதே யுத்தம் விட்டுப்போன தடயத்தை நாம் அதிகம் பொருட்படுத்தவில்லை. அது சோழவரத்திலும் அரக்கோணத்திலும் உளுந்தூர்ப்பேட்டையிலும் செட்டிநாட்டிலும் கயத்தாற்றிலும் கான்கிரீட்டாகப் படுத்துக் கிடந்தது.

1942 ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9ஆம் தேதி திருகோணமலையில். சென்னைப் பட்டணம் காலியாயிற்று. சர்க்கார் அலுவலகங்கள் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் போயின. மூர்மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மிருகக்காட்சிசாலையில் சிங்கத்தையும் புலியையும் சுட்டுக் கொன்றார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் தெருவுக்கு வந்துவிடும் என்ற பயம். படை வரவில்லை. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது, அவ்வளவுதான். ஆனால் வராத படைக்குச் செய்த ஆயத்தம் தரையில் தங்கிவிட்டது. செங்குன்றம் ஏரியில் காட்டலினா என்ற நீர்விமானங்கள் இறங்கி ஏறின, பட்டணம் குடிக்கிற தண்ணீரின் மேல். அதற்கு வடக்கே, கல்கத்தா சாலைப் பக்கம் சோழவரத்தில் ஓடுபாதை.

இதே காலத்து இன்னொரு தளத்தை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பசிபிக் சமுத்திரத்தில் டினியன் என்ற சிறு தீவு. ஜப்பானியர் கையில் இருந்தவரை கரும்புத் தோட்டம். 1944இல் அமெரிக்கர் பிடித்ததும் வடமுனையில் ஒவ்வொன்றும் சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் நீளத்தில் நான்கு ஓடுபாதைகள் போட்டார்கள். தீவின் சாலைகளுக்கு பிராட்வே, நாற்பத்திரண்டாம் தெரு என்று நியூயார்க் பெயர்கள். 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஹிரோஷிமாவுக்குக் கிளம்பிய விமானம் அங்கிருந்துதான் கிளம்பியது. யுத்தம் முடிந்தது, காடு மூடிக்கொண்டது. 2023 கடைசியில், அந்தத் தளத்தை மீட்டெடுக்கப் போவதாக அமெரிக்க விமானப்படை அறிவித்தது. காட்டை வெட்டினால் அடியில் ஓடுபாதை இருக்கிறது. கரும்பு திரும்பவில்லை.

சோழவரத்துக்கு அப்படிப்பட்ட பாவமும் இல்லை, புகழும் இல்லை. அதன் கதை வேடிக்கையாகப் போகிறது. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. கைவிடப்பட்ட ஓடுபாதையில் கார்ப் பந்தயம் வந்தது. நீண்ட நேர்ப்பாதை, கெட்டித் தரை, குறுக்கே ஊர் கிடையாது. பந்தயக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோனும் குண்டுவீச்சு விமானதளமாக இருந்து பந்தயத் தடமானதுதான். வெள்ளைக்காரனின் யுத்த மிச்சத்தில் கனவான்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் பட்டணத்திலிருந்து சாதாரண ஜனங்களும் வெயிலில் நின்று பார்த்தார்கள்.

கவனிக்க வேண்டியது அதற்குப் பின்னால் நடந்தது. கிளப் தனக்கென்று ஒரு தடம் கட்டிக்கொண்டு, 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனது. ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து கார் வெளியே வந்தது 1998இல். ஒரகடத்தில் ரெனோ-நிஸான் 2010இல். இன்று மோட்டார் பிரதேசம் என்று பெயர் வாங்கிவிட்ட இந்த ஏரிப்பாசன பூமிக்கு, கார் செய்கிறவர்களுக்கு முன்னாலேயே கார் ஓட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள். வந்தது யுத்த ஓடுபாதையிலிருந்து. கார் கம்பெனிகளை அழைத்து வந்தது பந்தயத் தடம் என்று நான் சொல்லவில்லை. துறைமுகம், சாலை, சிப்காட் நிலம் என்று அதற்கு வேறு காரணங்கள் உண்டு. ஆனால் பெரிய பரப்பைத் தட்டையாக்கி, வேலி போட்டு, உள்ளே வேகமாக ஓடுவது என்ற பழக்கம் இந்தப் பக்கத்துக்கு முதலில் வந்தது அப்படித்தான்.

அரக்கோணம் வேறு வழியில் போயிற்று. யுத்தத்துக்குப் பின் வெகுகாலம் சும்மா கிடந்த தளத்தைக் கடற்படை எடுத்து, ஓடுபாதையை நான்கு கிலோமீட்டருக்கும் மேலாக நீட்டி, 1992 மார்ச்சில் ஐ.என்.எஸ். ராஜாளி என்று திறந்தது. கடலே கண்ணில் படாத இடத்தில் கடற்படைத் தளம். ராஜாதித்த சோழன் யானைமீது செத்த தக்கோலம் பக்கத்திலேதான். 949ஆம் வருஷத்து அந்தப் போரின் தடயம் வயலில் எதுவும் இல்லை, உழுதுவிட்டார்கள். கான்கிரீட்டை உழ முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் முழுகியபோது பிரயாணி விமானங்கள் ராஜாளியில் இறங்கின. அந்த நன்றியை மறுக்கவில்லை.

2022 ஆகஸ்டில், சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று அறிவித்தார்கள். ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். 1942இன் அவசரத்துக்கு ஜப்பானியன் என்று ஒரு காரணமாவது இருந்தது. சோழவரத்து ஓடுபாதையின் கீழே என்ன விளைந்தது, யார் உழுதார்கள் என்று இன்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல ஆள் கிடைக்காது. ஏகனாபுரத்தில் கிடைக்கும். வேலை முடிந்து வந்து சாயங்காலம் கூடி உட்கார்ந்து எதிர்க்கிறார்கள், கிராமசபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போடுகிறார்கள். திட்டப் பரப்புக்குள் ஓடும் கம்பன் கால்வாய் பாலாற்றுத் தண்ணீரை ஏரி ஏரியாக நிரப்பிக்கொண்டு போகிறது. அது போய்ச் சேருவது ஸ்ரீபெரும்புதூர் ஏரியில்.