செயற்கைக் காலின் முழங்கால் மூட்டு: பாதுகாப்பான மூட்டைத் தேர்வதும் பேணுவதும்

தொடைப் பகுதியில் கால் அகற்றப்பட்டவர் அணியும் செயற்கைக் காலில் பாதம், கீழ்க்கால் தண்டு, முழங்கால் மூட்டு, எஞ்சிய தொடையைத் தாங்கும் சாக்கெட் ஆகிய நான்கு பாகங்கள் உள்ளன. இவற்றுள் வலிக்கும் புண்ணுக்கும் பெரும்பாலும் சாக்கெட் காரணமாகிறது. தடுமாறி விழுவதற்கோ பெரும்பாலும் முழங்கால் மூட்டும் அது பொருத்தப்பட்ட முறையும் காரணமாகின்றன. இப்பக்கம் மின்கலமும் கணினிச் சில்லும் இல்லாத இயந்திர மூட்டுகளைப் பற்றியது. இந்தியாவில் அரசுத் திட்டங்கள் வழியாகவும் தொண்டு நிறுவனங்கள் வழியாகவும் வழங்கப்படுபவை பெரும்பாலும் இவையே.

புதுச்சேரி வைத்திக்குப்பம் போன்ற கடலோரக் குடியிருப்புகளில் வாழ்பவர்களின் மூட்டு மருத்துவமனைத் தளத்தில் சந்திக்காதவற்றை நாள்தோறும் சந்திக்கிறது: காலை உள்வாங்கும் மணல், அலையை நோக்கிச் சரியும் கரை, உப்பு நீர், தலையில் மீன் கூடை. ஆகவே மூட்டைத் தேர்வு செய்யும் நாளில், தாங்கள் வாழும் இடத்தையும் செய்யும் தொழிலையும் செயற்கை உறுப்பு வல்லுநரிடம் விரிவாகக் கூறுவது அவசியம்.

மூட்டு திடீரென மடங்குவது ஏன்?

மிக எளிய மூட்டு கதவின் கீல் போன்றது. ஒரே அச்சில் மடங்கி நிமிரும். அதற்குத் தசை இல்லை. எனவே அது நிமிர்ந்து நிற்குமா, மடங்குமா என்பதை உடல் எடையின் விசை செல்லும் பாதையே முடிவு செய்கிறது. அவ்விசை மூட்டின் அச்சுக்கு முன்னே சென்றால் மூட்டு நிமிர்ந்து இறுகும். பின்னே சென்றால் மடங்கும்.

நடக்கையில் குதிகால் தரையைத் தொடும் நொடியில் அவ்விசை அச்சுக்குப் பின்னே செல்கிறது. இயற்கையான காலில் தொடையின் முன்புறத் தசை அதைத் தாங்கிக்கொள்கிறது. செயற்கைக் காலிலோ பயனாளர் இடுப்புத் தசையால் எஞ்சிய தொடையைப் பின்னோக்கி அழுத்தி மூட்டை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். களைப்பு, கவனச்சிதறல், வழுக்கும் தரை ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தாலும் மூட்டு மடங்கிவிடும்.

அச்சைச் சற்றுப் பின்னே தள்ளிப் பொருத்தினால் இந்த ஆபத்து குறையும். ஆனால் அப்போது அடியை எடுத்து வைக்க வேண்டிய வேளையில் மூட்டு மடங்க மறுக்கும். பாதம் தரையில் உரசித் தடுக்கும். நிற்கும்போது மடங்காமலும் அடியெடுக்கும்போது எளிதில் மடங்கியும் இருக்க வேண்டும் என்பதே முழங்கால் மூட்டை வடிவமைப்போர் எதிர்கொள்ளும் சிக்கல்.

மூட்டின் வகைகள்

பூட்டும் மூட்டு நடக்கும்போது முற்றிலும் நிமிர்ந்தே இருக்கும். உட்காரும்போது மட்டும் ஒரு விசையை இழுத்துப் பூட்டைத் திறக்க வேண்டும். காலை இடுப்பிலிருந்து சுழற்றி எடுத்து வைக்க வேண்டியிருப்பதால் நடையில் சோர்வு அதிகம். ஆயினும் முதியவர்களுக்கும், இடுப்புத் தசை வலுவிழந்தவர்களுக்கும், துண்டிப்புக்குப் பின் முதன்முறையாக நடப்பவர்களுக்கும் இது தக்க தேர்வு. இதைத் தாழ்ந்த மூட்டு என்று எண்ணி மறுக்க வேண்டாம்.

எடைத்தடை மூட்டில் உடல் எடை இறங்கியதும் உள்ளே உள்ள தடைப்பட்டை இறுகும். எடை விலகியதும் தளரும். சமதளத்தில் இது நம்பகமானது. இதன் குறை இதன் இயக்கத்திலேயே உள்ளது: பயனாளர் தயங்கித் தயங்கி அரை எடையை மட்டும் வைத்தால் தடை முழுமையாக இறுகாது. மணலிலும் மேடுபள்ளத்திலும் நாம் காலை அவ்வாறுதான் வைக்கிறோம். தடைப்பட்டை தேய்ந்தாலும் இதே நிலைதான்.

நான்கு இணைப்பு மூட்டு வேறு வழியில் இயங்குகிறது. மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒரே அச்சில் இணையாமல், முன்னும் பின்னுமாக உள்ள இரு இணைப்புத் தண்டுகளால் நான்கு முனைகளில் இணைக்கப்படுகின்றன. இதனால் மூட்டின் சுழற்சி மையம் ஓரிடத்தில் நிலைத்திராமல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கால் நிமிர்ந்திருக்கும்போது அம்மையம் முழங்காலுக்கு மேலேயும் பின்னேயும் இருக்கிறது; எடையின் விசை அதற்கு முன்னே செல்வதால் மூட்டு உறுதியாக நிற்கிறது. மையம் உயரத்தில் இருப்பதால் இடுப்புத் தசையின் சிறு முயற்சியே அதைக் கட்டுப்படுத்தப் போதும். எடை முன்பாதத்திற்கு மாறி மடக்கம் தொடங்கியதும் மையம் விரைந்து முன்னும் கீழும் நகர்கிறது. மூட்டு எளிதில் மடங்குகிறது. மடங்கும்போது காலின் நீளமும் ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் வரை குறைவதால் பாத நுனி தரையில் தட்டும் வாய்ப்பும் குறைகிறது. பார்வைக்குச் சிறிய அளவுதான். வாசற்படியின் விளிம்பில் அதுவே விழுவதற்கும் கடப்பதற்கும் உள்ள வேறுபாடு.

இம்மூட்டும் எல்லா நிலையிலும் காக்காது. ஓரளவுக்கு மேல் மடங்கிய பின் அது எடையைத் தாங்காது. எனவே படியில் ஒவ்வொரு படியாகவே செல்ல வேண்டும்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில்.

இந்தியாவில் உருவான வடிவங்கள்

வெறுங்காலுடன் நடக்கவும் குந்தி அமரவும் ஏற்ற ஜெய்ப்பூர் பாதம், 1960களின் இறுதியில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு அறுவை மருத்துவர் பி.கே. சேத்தியும் இணைந்து உருவாக்கியது. ஜெய்ப்பூரில் 1975இல் நிறுவப்பட்ட பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி அதனைப் பரவலாக வழங்கியது. ஆனால் தொடைக்கு மேல் கால் இழந்தவர்களுக்குப் பாதம் மட்டும் போதாது. குறைந்த விலையில் பாதுகாப்பான முழங்கால் மூட்டு தேவைப்பட்டது. அந்நிறுவனமும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்து உருவாக்கிய ஜெய்ப்பூர் முழங்கால், எண்ணெய் ஊறிய நைலானால் ஆன ஐந்து துண்டுகளும் நான்கு திருகாணிகளும் கொண்ட நான்கு இணைப்பு மூட்டாகும். சுமார் 20 டாலர் செலவில் உருவாக்கத்தக்கதாக அறிவிக்கப்பட்ட அதை ‘டைம்’ இதழ் 2009ஆம் ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் இயங்கும் டி.டி.கே. மறுவாழ்வு ஆய்வு மற்றும் கருவி மேம்பாட்டு மையம், உயிர்மருத்துவத் தொழில்நுட்பச் சங்கத்துடனும் பெங்களூருவின் மொபிலிட்டி இந்தியா நிறுவனத்துடனும் இணைந்து 2022இல் ‘கதம்’ என்னும் மூட்டை வெளியிட்டது. இந்தியில் ‘கதம்’ என்றால் அடி, காலடி என்று பொருள். இதுவும் நான்கு இணைப்பு மூட்டே. தடுமாறும் வாய்ப்பு குறையும் வகையில் இணைப்புகளின் அளவுகள் கணக்கிட்டு அமைக்கப்பட்டுள்ளன. இம்மூட்டு 160 பாகை வரை மடங்கும். நாற்காலியில் அமர 90 பாகை போதும். பேருந்தின் நெருக்கமான இருக்கையிலும் ஆட்டோவிலும் காலை உள்ளிழுத்துக்கொள்ள அதற்கும் மேற்பட்ட மடக்கம் தேவை. சம்மணமிட்டு அமர மடக்கம் மட்டும் போதாது; காலைத் திருப்ப உதவும் தனி இணைப்பும் வேண்டும். இதனைப் பலர் பின்னரே அறிந்து ஏமாற்றமடைகின்றனர். முன்னரே கேட்டுத் தெளிக.

செயற்கைக் கால்களின் வலிமையைச் சோதிக்கும் பன்னாட்டுத் தரம் ஐ.எஸ்.ஓ. 10328. இதன்படி 60, 80, 100 கிலோ போன்ற எடை நிலைகளுக்கு ஏற்ற விசையை 30 லட்சம் முறை செலுத்திச் சோதிக்கின்றனர். செயற்கைக் கால் நாளொன்றுக்கு 2,000 அடிகள் வைத்தால் 30 லட்சம் அடிகள் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் நிறைவுறும். ஆகவே எந்த மூட்டும் ஆயுள் முழுவதற்கும் உரியது அன்று. தாங்கள் பெறும் மூட்டின் எடை வரம்பைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளவும். அவ்வரம்பு உடல் எடையைக் குறிக்கிறது. 75 கிலோ எடையுள்ள ஒருவர் 20 கிலோ மீன் கூடையையோ வலையையோ சுமந்தால் மூட்டின் மீது இறங்குவது 95 கிலோ. சுமை தூக்கும் தொழில் எனில் அதனை வல்லுநரிடம் மறைக்க வேண்டாம்.

கடற்கரையில் வாழ்வோர் அறிய வேண்டியவை

தளர்ந்த மணலில் குதிகால் புதையும்போது மூட்டு பின்னோக்கித் தள்ளப்பட்டு இறுகும். அடியெடுப்பது கடினமாகும், ஆனால் விழும் ஆபத்து குறைவு. கரையிலிருந்து நீரை நோக்கிச் சரிவில் இறங்குவதே ஆபத்தானது. சரிவில் கீழ்க்கால் முன்னோக்கிச் சாய்கிறது. எடையின் விசை மூட்டுக்குப் பின்னே சென்று அதை மடக்குகிறது. சரிவில் பக்கவாட்டாக, சிறு அடிகளாக, செயற்கைக் காலை முதலில் வைத்து இறங்கவும். ஊன்றுகோலின் நுனி மணலில் புதையுமாதலால் அகன்ற அடிப்பாகம் கொண்டதைப் பயன்படுத்தவும். மாசி மகத் தீர்த்தவாரி போன்ற நாள்களில் கூட்டத்தின் ஓரத்தில், உடன் ஒருவர் இருக்க நிற்பது நலம்.

உப்பு நீர் எஃகை அரிக்கிறது. எஃகும் அலுமினியமும் தொட்டிருக்கும் இடங்களில் அரிப்பு மேலும் விரைவாகும். தங்கள் மூட்டு நீரில் நனையத்தக்கதா என்பதை வல்லுநரிடம் உறுதி செய்யாமல் கடல்நீரில் இறங்க வேண்டாம். நனைந்துவிட்டால் அன்றே நல்ல நீரால் கழுவி, துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தவும். மணல் உள்ளே சென்று கரகரத்தால் மூட்டைத் தாங்களே கழற்ற வேண்டாம்.

எண்ணெய் விடுவது பற்றித் தனியே கூற வேண்டியுள்ளது. மூட்டில் கிறீச்சொலி எழுந்ததும் தேங்காய் எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ விடும் வழக்கம் வீடுகளில் உண்டு. எடைத்தடை மூட்டில் எண்ணெய் தடைப்பட்டையில் பட்டால் தடை வழுக்கிவிடும். அடுத்த அடியிலேயே பயனாளர் விழ நேரலாம். மற்ற மூட்டுகளில் எண்ணெயில் மணல் ஒட்டித் தேய்மானம் கூடும். வல்லுநர் சொன்னாலன்றி எந்த எண்ணெயும் விட வேண்டாம்.

மூட்டு நன்றாக இருந்தும் விழுவது ஏன்?

செயற்கைக் கால் பொருத்தப்படும் நாளில் அணிந்திருக்கும் காலணியின் குதி உயரத்திற்கு ஏற்பவே அதன் நேரமைப்பு செய்யப்படுகிறது. வெறுங்காலுக்கு அமைக்கப்பட்ட காலில் குதி உயர்ந்த செருப்பை அணிந்தால் கீழ்க்கால் முன்னே சாய்ந்து மூட்டு மடங்கத் தொடங்கும். திருமணத்திற்குப் புதுச் செருப்பு வாங்கி அணிந்தவர் அன்றே தடுமாறுவது இதனால்தான். வழக்கமாக அணியும் காலணியையே பொருத்தும் நாளில் அணிந்து செல்லவும். பின்னர் அதே உயரத்தில் வாங்கவும்.

விரைந்து நடப்பதும் மற்றொரு காரணம். இயந்திர மூட்டின் உராய்வு ஒரு குறிப்பிட்ட நடை வேகத்திற்கே சரிசெய்யப்படுகிறது. பேருந்தைப் பிடிக்க விரையும்போது கீழ்க்கால் முழுதும் நிமிர்வதற்குள் குதிகால் தரையில் பட்டுவிடும்; அரைகுறையாக மடங்கிய மூட்டின் மீது எடை இறங்கும்.

மூன்றாவது காரணம் மூட்டு பொருத்தப்படுவதற்குப் பல வாரங்கள் முன்பே, அறுவைக்குப் பின்னான படுக்கையில் தொடங்குகிறது. எஞ்சிய தொடைக்கு அடியில் தலையணை வைப்பதை அன்பின் காரணமாகப் பலர் செய்கின்றனர். நாள்பட வைத்தால் இடுப்பு மூட்டு முன்னோக்கி மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். பின்னர் தொடையைப் பின்னே அழுத்த இயலாது; அவ்வழுத்தமே மூட்டை நிமிர்த்திப் பிடிப்பது என்பதை மேலே கண்டோம். தலையணை வேண்டாம். மருத்துவர் அனுமதித்த பின் நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் குப்புறப் படுக்கச் செய்யவும். நீண்ட நேரம் சக்கர நாற்காலியிலேயே அமர்ந்திருப்பதும் இதே தீங்கைத் தரும்.

பராமரிப்பவர் செய்ய வேண்டியவை

நடைப்பயிற்சியின்போது செயற்கைக் கால் உள்ள பக்கத்தில், சற்றுப் பின்னே நின்று இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொள்ளவும். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். வாரம் ஒருமுறை மூட்டைக் கையால் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கவும். புதிய ஆட்டம், ‘டக்’ என்னும் ஒலி, தளர்ந்த திருகாணி, முழுதும் நிமிராமை ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் காலைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலைப் பயன்படுத்தச் செய்யவும். நீரிழிவு உள்ளவரின் எஞ்சிய காலை நாள்தோறும் பார்த்து, சிவப்போ கொப்புளமோ இருந்தால் மருத்துவரிடம் காட்டவும். இரவில் கழிப்பறைக்குச் செல்லத் தூக்கக் கலக்கத்தில் காலை அவசரமாக மாட்டுவதைவிடப் படுக்கையருகே ஊன்றுகோலையும் விளக்கையும் வைத்திருப்பது பாதுகாப்பானது.

எங்கே அணுகுவது?

புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனையின் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையில் மதிப்பீடு பெறலாம். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் உள்ளது. மத்திய அரசின் ஏடிப் திட்டத்தில் 40 விழுக்காடும் அதற்கு மேலும் மாற்றுத்திறன் உடையவர்கள், வருமான வரம்பிற்கு உட்பட்டு, உதவி உபகரணங்கள் பெறலாம். ஒருமுறை உதவி பெற்றவர் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் விண்ணப்பிக்கலாம். 12 வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு இக்காலம் ஓராண்டு. தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் வருமானச் சான்றையும் உடன் கொண்டு செல்லவும். நடப்பிலுள்ள வருமான வரம்பைப் புதுச்சேரி சமூக நலத்துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

விழுந்த பின் காயம் எதுவும் இல்லை எனத் தோன்றினாலும், மூட்டையும் நேரமைப்பையும் வல்லுநர் சோதிக்கும் வரை அக்காலை அணிந்து நடக்க வேண்டாம். எந்த இடத்தில், எந்தக் காலணியுடன், அடியின் எந்த நிலையில் மூட்டு மடங்கியது என்பதைக் குறித்து வைத்துச் சொன்னால் சரிசெய்வது எளிதாகும்.