பக்கத்து வீட்டு அலைவரிசை: நம் செல்போன் டவர்களின் வடிகட்டிக் கதை



வயர்லெஸ் கருவிகள் செய்யும் இடத்தில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், ஒரே ஆண்டெனாவில் ஐந்தாறு அலைவரிசை ஓட வேண்டும். கேட்லாக்கில் நூற்றுக்கணக்கான மல்டிபிளெக்சர்கள் இருக்கின்றன. எதைப் பார்த்து எடுப்பது?" இந்தக் கேள்விக்குப் பின்னால் முப்பது வருட வரலாறு இருக்கிறது. அது நம் தெருக்கோடியில் நிற்கும் டவரின் வரலாறும்கூட. அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் பெயர்கள். ஒரு பொது வாசல், உள்ளே பல அறைகள். அந்தந்த அறைக்கு உரிய அலைவரிசையை மட்டும் உள்ளே விட்டு, மற்றவற்றுக்குச் சுவராக நிற்கும் வடிகட்டிகளின் தொகுப்புதான் மல்டிபிளெக்சர். இரண்டு பட்டைகளைப் பிரிப்பது டைப்ளெக்சர். ஒரே பட்டையில் பேசுவதையும் கேட்பதையும் பிரிப்பது டூப்ளெக்சர்.

வானொலியின் ஆரம்ப நாட்களில் எல்லா நிலையங்களும் ஒரே இரைச்சலாகக் கத்தின. சுருதி சேர்த்து ஒன்றை மட்டும் கேட்கும் வழிக்கு மார்க்கோனி 1900இல் வாங்கிய காப்புரிமையின் எண் 7777. அதனாலேயே அது பெயர் பெற்றது. 1938இல் சென்னை வானொலி நிலையம் வந்தபோது நம் வீட்டுப் பெட்டிகளுக்கு அந்தச் சுருதி சேர்ப்பு போதுமானதாக இருந்தது. காரணம், ரேடியோவுக்குக் காது மட்டும்தான், வாய் கிடையாது.

செல்போன் டவருக்கு இரண்டும் உண்டு, அதுவும் ஒரே நேரத்தில். சென்னையில் 1995இல் செல்போன் வந்தது. உள்ளே வரும் அழைப்புக்கும் காசு கொடுத்த காலம், நினைவிருக்கிறதா? அதற்குத் தரப்பட்டது 900 பட்டை. கைப்பேசி பேசுவது 890 முதல் 915 மெகாஹெர்ட்ஸ் வரை. டவர் பேசுவது 935 முதல் 960 வரை. நடுவில் 20 மெகாஹெர்ட்ஸ் காலி மனை. அந்தக் காலி மனை இருந்ததால் டவரின் டூப்ளெக்சருக்கு வேலை சுலபம்.

இப்படி ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே கேட்க வேண்டிய கட்டாயம் பின்னால் வந்த சி.டி.எம்.ஏ., 3ஜி கைப்பேசிகளுக்கும் உண்டு. கைப்பேசி அனுப்பும் சக்தி அதிகபட்சம் கால் வாட் அளவு. அதன் காதுக்கு வந்து சேரும் சக்தியோ அதில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போகலாம். தேர்த் திருவிழாவில் தவில் வாசிப்பவர், தவிலை நிறுத்தாமலே நாலாவது தெருவில் பேசும் ரகசியத்தைக் கேட்க வேண்டும் என்பது போல. டூப்ளெக்சர் செய்வது அந்த வேலை.

அடுத்து 1800 பட்டை வந்தது. ஒரே கைப்பேசிக்குள் 900, 1800 இரண்டும் இருக்க வேண்டும், ஆண்டெனா ஒன்றுதான். இங்கே ஒரு சிக்கல். 915ஐ இரண்டால் பெருக்கினால் 1830. அது 1800 பட்டையில் டவர் பேசும் பகுதிக்குள் (1805 முதல் 1880 வரை) விழுகிறது. ஊஞ்சலும் வீணைக்கம்பியும் நடத்தியபோது மேற்சுரம் என்று சொல்லிக்கொடுத்தேனே, அதேதான். 900 பக்கத்து வடிகட்டி அந்த மேற்சுரத்தையும் அடக்கியாக வேண்டும்.

பெரிய சண்டை அதற்குப் பிறகு வந்தது. ஐரோப்பா 900இல் ஜி.எஸ்.எம். முறையை வைத்தது. அமெரிக்கா 800இல் சி.டி.எம்.ஏ. முறையை வளர்த்தது. இரண்டும் வேறு வேறு கண்டங்களில் இருந்தவரை தொல்லையில்லை. நம் நாட்டில் 2002-03 வாக்கில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்து மனையில் குடிவைத்துவிட்டார்கள். சி.டி.எம்.ஏ. டவர் பேசுவது 869 முதல் 889 வரை. ஜி.எஸ்.எம். டவர் காது கொடுப்பது 890இல் தொடங்குகிறது. இடையில் ஒரே ஒரு மெகாஹெர்ட்ஸ்! ஒருவர் ஒலிபெருக்கி வைத்த சுவரில் இன்னொருவர் காதை வைத்துப் படுத்த கதை.

இதில் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டின் உரத்த குரல் என் கருவியைத் திணறடித்தால், என் வாசலில் நல்ல வடிகட்டி வைத்துத் தப்பிக்கலாம். ஆனால் அந்த வீட்டின் இரைச்சல் வழிந்து என் பட்டைக்குள்ளேயே விழுந்துவிட்டால், என் வடிகட்டியால் ஒன்றும் செய்ய முடியாது. எனக்குரிய அலைவரிசையில் வருவதை அது எப்படித் தடுக்கும்? அதை அடைக்க வேண்டியவர் பக்கத்து வீட்டுக்காரர்தான், அவர் வாசலில், அவர் செலவில். ஆகவே இரண்டு பக்கமும் வடிகட்டி வேண்டும். யார் செலவு என்பதில்தான் வழக்கு.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798இல், கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்திலேயே, எழுத்தில் வாங்கிய ஊர் நம் வேடந்தாங்கல். பறவைக்குக் கூடு, எச்சம் கலந்த நீரால் வயலுக்கு உரம். ஒருவர் அடங்கினால்தான் மற்றவர் வாழ முடியும் என்பது நமக்குப் பழைய பாடம்.

வடிகட்டிச் சண்டையே வேண்டாம் என்று வேறு வழியில் போனவர்களும் உண்டு, அதுவும் நம் கிண்டியிலேயே. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 1990களில் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கினார்கள். அதில் பேசுவதும் கேட்பதும் ஒரே அலைவரிசை. மாறி மாறிக் கண் இமைக்கும் நேரத்துக்குள் முறை போட்டுக்கொள்ளும். வாயும் காதும் ஒரே நேரத்தில் திறக்காததால் டூப்ளெக்சரே தேவையில்லை, செலவும் குறைவு. 2001 வாக்கில் மதுரை மேலூர் கிராமங்களுக்கு இணையம் போனது இந்த வழியில்தான். இருக்கிற வடிகட்டிகளில் எதை எடுப்பது என்று யோசிக்கும் முன், வடிகட்டி தேவையா என்று யோசித்தவர்கள் அவர்கள். அந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன்.

2010இல் 3ஜி ஏலம், 2100 பட்டை. அப்புறம் 4ஜிக்கு 2300. ஒரே டவரில் பல நிறுவனங்கள், ஒரே கேபிளில் பல பட்டைகள். டவரில் இருக்கும் அலுமினியப் பெட்டிகளுக்குள் உள்ள மல்டிபிளெக்சர்கள்தான் இவற்றைச் சேர்த்தும் பிரித்தும் தருகின்றன. இங்கே மாமல்லபுரம் கடற்கரைக்கு ஒரு தனித் தொல்லை. உப்புக்காற்றில் இணைப்புகள் துருப்பிடிக்கும். துருப்பிடித்த இணைப்பு இரண்டு அலைவரிசைகளைக் கலந்து புதிதாக ஒன்றைப் பெற்றெடுக்கும். டவர் 935இலும் 960இலும் பேசுகிறது என்று வையுங்கள். இருமுறை 935, அதில் 960 போனால் 910. அது டவரின் காது இருக்கும் இடம்! டவரின் சொந்தத் துருவே டவரைச் செவிடாக்கும். எவ்வளவு விலை உயர்ந்த வடிகட்டியும் அதைத் தடுக்காது. சுத்தமான, இறுக்கமான இணைப்புதான் மருந்து.

கைப்பேசிக்குள் அலுமினியப் பெட்டிக்கு இடமில்லை. அங்கே உதவியது, அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களைப் பற்றி கியூரி சகோதரர்கள் 1880இல் கண்ட உண்மை. மின்னலையைப் படிகத்தின் மேல் ஒலியலையாக மாற்றினால் வேகம் சுமார் லட்சத்தில் ஒரு பங்காகக் குறையும். காற்றில் 33 சென்டிமீட்டர் நீளமுள்ள 900 மெகாஹெர்ட்ஸ் அலை, படிகத்தில் 4 மைக்ரான் அளவுக்குச் சுருங்கும். அதனால்தான் அரிசிமணியை விடச் சிறிய வடிகட்டி சாத்தியமானது.

அதற்கும் சவால்கள் தீரவில்லை. 2016, 2021 ஏலங்களில் விலைபோகாத 700 பட்டையை 2022இல் ஜியோ வாங்கியது. அதில் கைப்பேசி பேச 703 முதல் 748, கேட்க 758 முதல் 803. பட்டையோ 45 அகலம், இடைவெளியோ 10தான். இதை ஒரே டூப்ளெக்சரில் பிரிப்பது கடினம் என்று, பல கைப்பேசிகளில் 30 அகலத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இரண்டு டூப்ளெக்சர்களாக வைக்கிறார்கள். 2300 பட்டையோ 2400இல் முடிகிறது. வைஃபை அதே 2400இல் தொடங்குகிறது. நடுவில் வரப்புகூட இல்லை.

ஆக, கேட்டவருக்கும் இந்தத் துறையில் இருக்கும் மற்றவர்களுக்கும் என் சுருக்கம் இது. உன் பட்டையைப் பார்ப்பதற்கு முன் பக்கத்தில் யார் என்று பார். இடைவெளி எவ்வளவு என்று பார். பிறகு இழப்பைப் பார். அரை டெசிபெல் இழப்பு என்றால் பத்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். அது கேட்லாக்கில் சின்ன எண். டவரின் எல்லையில் இருக்கும் மீனவக் குப்பத்தில், 108க்குப் போட்ட அழைப்பு போகுமா போகாதா என்பது அந்த எண். பிறகு வெயிலைப் பார். சூடேறினால் வடிகட்டியின் பட்டை நகரும். ஆய்வகத்து 25 டிகிரியில் எடுத்த அளவு நம் அக்னி நட்சத்திரத்துக்குச் சரிவராது. விலையைக் கடைசியில் பார்.

ஒரு ஆதங்கமும் உண்டு. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை தொடங்கியபோது நம் பக்கத்துப் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் பஸ் ஏறிப் போனார்கள்! 2014 நவம்பர் 1 அன்று அது நின்றபோது அந்த வீடுகளில் இருந்த அமைதியும் எனக்குத் தெரியும். இன்று அதே வட்டாரத்தில் மறுபடி கைப்பேசிகள் உருவாகின்றன. ஆனால் உள்ளே போகும் வடிகட்டிகளில் பெரும்பகுதி ஜப்பான், அமெரிக்க நிறுவனங்களுடையவை. நம் கை பொருத்துகிறது. எதைப் பொருத்துவது என்று தீர்மானிப்பது வேறெங்கோ நடக்கிறது. கிண்டியில் ஒருமுறை அந்தத் தீர்மானத்தை நாமே எடுத்தோம். என் மாணவர்களில் யாராவது அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது இந்தக் கிழவாத்தியின் ஆசை.

பேரப்பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், வகுப்பில் கேட்டது போலவே கை தூக்கிவிட்டு.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்