ஆணையை மீறியோரும் ஊரின் தீர்ப்பும்: கல்முனைக் கரையோரத்தில் பொறுப்புக்கூறலின் வரலாறு, 1956–2025

1956 பொதுத் தேர்தலில் தமிழரசுக் கட்சியின் சார்பில் இரு முஸ்லிம்கள் வென்றார்கள்: கல்முனையில் கேற் முதலியார் எம்.எஸ். காரியப்பர், பொத்துவிலில் எம்.எம். முஸ்தபா. தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்த கட்சிக்கு விழுந்த வாக்குகள் அவை. வென்ற காரியப்பரோ அச்சட்டத்தைக் கொண்டுவந்த பண்டாரநாயக்க அரசாங்கத்தின் பக்கம் போய்ச் சேர்ந்தார். மக்கள் கொடுத்த ஆணையை மீறியவரிடம் கணக்குக் கேட்பது யார் என்ற கேள்வி அன்றிலிருந்து இக்கரையோரத்தில் தொடர்கிறது. கேட்கும் உரிமை வாக்காளரிடமிருந்து கட்சித் தலைமைக்குக் கைமாறியதையும், அதை ஊர் மீட்க முயன்றதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தொகுதிக் காலம்

ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்றிருந்த காலத்தில் கல்முனை தன் உறுப்பினரை அடிக்கடி மாற்றியது. 1952இல் ஏ.எம். மேர்சா, 1956இல் காரியப்பர், 1960 ஜூலையில் தமிழரசுக் கட்சியின் எம்.சி. அகமது, 1965இல் மீண்டும் காரியப்பர். அகமதுவும் பின்னர் அரசாங்கத்தின் பக்கம் போனவர்தான்.

இதை வெறும் துரோகக் கதையாகப் படிப்பது பிழை. கட்சி மாறிய காரியப்பரை மக்களே மறுபடி தெரிவுசெய்தார்கள். ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்குப் போன அகமதுவை 1970இல் வெல்லவைத்ததும் அதே மக்கள். ஆளுங்கட்சியில் இருந்தால்தான் வேலைவாய்ப்பும் வீதியும் வரும் என்ற கணக்கு வேட்பாளரிடம் மட்டுமன்றி வாக்காளரிடமும் இருந்தது. காரியப்பர் இறுதியில் ஆசனத்தை இழந்ததற்குக் கட்சி மாறியது காரணமன்று. தல்கொடபிட்டிய ஆணைக்குழு அவருக்கு எதிராகக் கண்ட இலஞ்சக் குற்றத்தின் மேல் 1965இல் குடியியல் உரிமை பறிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கு 1967இல் கோமறைக் கழகத்தில் தோற்றது. ஆணை மீறல் அன்றும் சட்டத்தின் கண்ணில் குற்றமாக இருக்கவில்லை.

கட்சிக் காலம்

1978 அரசியலமைப்பின் 99(13) உறுப்புரை கட்சி தாவலுக்கு அணை போடுவதாகத் தோன்றியது. கட்சியிலிருந்து நீக்கப்படும் உறுப்பினர் ஒரு மாதத்தில் ஆசனத்தை இழப்பார். நீக்கம் செல்லாதென உயர் நீதிமன்றம் தீர்த்தால் மட்டுமே அவருக்கு மீட்சி. 1989இல் விகிதாசாரத் தேர்தல் நடைமுறைக்கு வந்தபோது, கல்முனை என்ற தனி ஆசனம் திகாமடுல்ல மாவட்டத்துக்குள் கரைந்தது. அதே தேர்தலில் எம்.எச்.எம். அஷ்ரப்பின் முஸ்லிம் காங்கிரஸ் நான்கு ஆசனங்களுடன் பாராளுமன்றம் புகுந்தது. தனியாள் தாவலாம், சமூகத்தின் சொந்தக் கட்சி தாவாது என்பது அக்கட்சியின் மரச்சின்னத்தின் மீது மக்கள் வைத்த நம்பிக்கை.

2000 செப்டம்பர் 16இல் அஷ்ரப் மறைந்தபின் அந்த நம்பிக்கை பலமுறை சோதிக்கப்பட்டது. 2010 ஏப்ரலில் ஐக்கிய தேசியக் கட்சியின் யானைச் சின்னத்தில் வாக்குக் கேட்ட முஸ்லிம் காங்கிரஸ், ஐந்தே மாதத்தில் ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கிய 18ஆவது திருத்தத்துக்குக் கைதூக்கியது. கட்சியே தாவும்போது தண்டிக்க யாரிருக்கிறார்?

2020 ஒக்டோபர் 22 இன்னும் கூர்மையான சான்று. கொவிட் ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டு வந்த வேளையில், ஜனாதிபதியின் அதிகாரத்தை மீண்டும் பெருக்கிய, அரசாங்கத்தின் 20ஆவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. எதிரணியின் தொலைபேசிச் சின்னத்தில் திகாமடுல்லவில் வென்ற எச்.எம்.எம். ஹரீஸும் பைசல் காசிமும் ஆதரவாக வாக்களித்தார்கள். அவர்களின் கட்சியான முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் ரவூப் ஹக்கீம் எதிராக வாக்களித்தார். இருவரும் அப்பாராளுமன்றம் கலையும்வரை பதவியிலிருந்தார்கள். அதே திருத்தத்தை ஆதரித்த மட்டக்களப்பின் நசீர் அஹமட் 2023 ஒக்டோபர் 6இல் ஆசனத்தை இழந்தார். ஆனால் அது 20ஆவது திருத்தத்துக்காக அன்று, வரவுசெலவுத் திட்ட வாக்கெடுப்பில் கட்சியின் முடிவை மீறியதற்காக. சட்டம் கேட்பது கட்சிக்குக் கீழ்ப்படிந்தாயா என்று. ஊருக்கு உண்மையாக இருந்தாயா என்றல்ல.

ஊரின் தீர்ப்பு

கரைவாகு தெற்கு கிராம சபையாக முன்பு தனித்து இயங்கிய சாய்ந்தமருது, 1987க்குப் பின் கல்முனைச் சபைக்குள் அடங்கியது. தனிச் சபை தருவோம் என்ற வாக்குறுதி தேர்தல்தோறும் மேடையேறியது, தேர்தல் முடிந்ததும் இறங்கியது. 2017 இறுதியில் ஊர் கடைகளை அடைத்து ஹர்த்தாலில் இறங்கியது.

தலைமை தாங்கியது ஜும்ஆப் பெரிய பள்ளிவாசல். கிழக்கு முஸ்லிம் ஊர்களில் தாய்வழிக் குடிகள் ஒவ்வொன்றுக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு மரைக்காயர் இருப்பது பழைய வழக்கம். குடிக்குப் பதில்சொல்லும் அந்தப் பிரதிநிதித்துவம் பாராளுமன்றத்துக்கு மூத்தது. அந்த அடித்தளத்தில் திரண்ட சுயேச்சைக் குழு, 2018 பெப்ரவரி 10 தேர்தலில் தோடம்பழச் சின்னத்தில் நின்று கல்முனை மாநகர சபையில் 9 ஆசனங்களை வென்றது. 2020 பெப்ரவரி 14இல் சாய்ந்தமருது நகர சபைக்கான வர்த்தமானி வெளிவந்தது. ஒரு வாரத்துக்குள் அமைச்சரவை அதை நிறுத்திவைத்தது.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். சாய்ந்தமருதின் விருப்பம் அயலிலுள்ள முஸ்லிம் பகுதியான கல்முனைக்குடியின் அச்சமாக இருந்தது; சாய்ந்தமருது பிரிந்தால் மாநகர சபையில் தமிழர்–முஸ்லிம் எண்ணிக்கைச் சமநிலை மாறும். ஆக, எல்லா ஊருக்கும் ஒவ்வொரு வாக்குறுதி தந்த தலைவர், ஏதோ ஓர் ஊருக்குப் பொய்யராகாமல் தப்ப முடியாது.

முடிவுரை

இலங்கையில் உறுப்பினரைத் திருப்பி அழைக்கும் சட்டம் இல்லை. பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறித்த சில குற்றங்களுக்குப் பின் தொகுதி வாக்காளரில் 10 சதவீதத்தினர் கையெழுத்திட்டால் ஆசனம் வெறிதாகும். அங்கும் கட்சி மாறுவது அதற்குக் காரணமாகாது. எனவே எஞ்சுவது வாக்குச்சீட்டுத்தான். 2024 நவம்பர் 14இல் திகாமடுல்ல மக்கள் அதைப் பயன்படுத்தினார்கள்: தேசிய மக்கள் சக்திக்கு 4 ஆசனங்கள், முஸ்லிம் காங்கிரஸுக்கு ஒன்று. அந்த ஒன்று ஹரீஸுக்கும் இல்லை, பைசல் காசிமுக்கும் இல்லை.

ஆனால் அந்த வாக்குச்சீட்டும் கல்முனைக்கு எப்போதும் கிடைப்பதில்லை. மாநகர சபையின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6இல் நாட்டின் 339 உள்ளூராட்சி சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோது, வழக்கின் காரணமாக அந்தப் பட்டியலில் கல்முனை இருக்கவில்லை.