டெக்கில் முதலில் சாவது ரப்பர்

அப்பா ரிட்டயராகி நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது பரண்மேலிருந்து ஒரு டெக்கும் 1987இல் எடுத்த கல்யாண கேசட்டும் இறங்கின. நான் பார்த்தேயிராத தாத்தா அதில் இருக்கிறாராம். பொறுமையில்லாமல் உடனே போட்டேன். கரகரவென்று சத்தம். வெளியே இழுத்தால், டேப் குடலாகத் தொங்கியது.

வி.சி.ஆர். என்று அன்று யார் சொன்னார்கள்? நமக்கு அது டெக்குதான். நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கிய அதே 1956இல்தான் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ், நடைமுறைக்கு உதவும் முதல் வீடியோ டேப் ரெக்கார்டரைக் காட்டியது. அது பீரோ மாதிரி பெரியது. இருபது வருடம் கழித்து, 1976இல், ஜேவிசியின் வி.எச்.எஸ். அதை மேசைமேல் வைக்கும் பெட்டியாக்கியது. 1982 ஆசிய விளையாட்டோடு கலர் டிவி வர, டெக்கும் பின்னாலேயே நம் ஊர்களுக்கு வந்தது. ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூணு படம் பார்த்தார்கள்.

அதற்குள் டேப் நொடிக்கு 2.34 செ.மீ.தான் நகரும். ஆனால் சாய்ந்து நிற்கும் 62 மி.மீ. டிரம் நிமிடத்துக்கு 1500 தடவை சுற்றும். அதிலுள்ள ஹெட் நொடிக்கு ஏறக்குறைய 5 மீட்டர் வேகத்தில் டேப்பை உரசிப் படிக்கும். துளி தூசி ஹெட்டை அடைத்தால் திரை முழுக்கப் புள்ளிதான்.

ஆனாலும் பெரும்பாலும் முதலில் சாவது டிரம் இல்லை, ரப்பர். பெல்ட் தளரும். ரீலைச் சுற்றும் ஐட்லர் டயர் வழுக்கும். சுருட்டப்படாத டேப் உள்ளேயே குவிந்து கசங்கும். 'டேப்பைத் தின்னுடுச்சு' என்பது இதைத்தான்.

பழைய டிவி மெக்கானிக் ஒருவர் மூடியைக் கழற்றினார். உள்ளே நெய்வேலித் தூசி. "எடுத்தவுடனே கல்யாண கேசட்டா போடுவாங்க தம்பி? வேணாத கேசட்ட போட்டுல்ல பாக்கணும்?" பெல்ட், டயர் மாற்றினார். ஸ்பிரிட்டில் நனைத்த தாளை டிரம்மில் ஒட்டிப் பிடித்து, டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றினார். "மேலயும் கீழயும் தேச்சா ஹெட்டு உடஞ்சிரும்."

'அந்தக் காலத்துப் பொருள் உழைக்கும்' என்போம். டெக்கு அப்படியொன்றும் உழைக்கவில்லை. அதற்காக ஊருக்கு நாலு பேர் உழைத்தார்கள். கெட்டது எதுவென்று கண்ணுக்குத் தெரிந்தது, ஸ்க்ரூடிரைவருக்கு எட்டியது. 2016இல் ஜப்பானின் ஃபுனாய் டெக்கு தயாரிப்பை நிறுத்தியது. அதற்கு முன்பே நாம் அந்த நாலு பேரை நிறுத்திவிட்டோம்.

"ஓடும்போதே லேப்டாப்புல ஏத்திடுங்க. மறுபடி ஓடும்னு சொல்ல முடியாது."

ஏற்றினேன். "அதோ, வாசல்ல தாத்தா" என்றார் அம்மா. திரையில் வெறும் கோடுகள். நான் கசக்கிய இடம். பந்தியில் அவர் மறுபடி வந்தார், கையில் சாம்பார் வாளியோடு. நாலைந்து நொடி.